ஜோ லபாடியின் பரண்

1908ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு தபால் அதிகாரி குறிப்பிட்ட ஒருவருடைய கடிதங்களை மட்டும் ஏற்க மறுத்தார். உறைக்குள் என்ன இருந்தது என்பது பற்றி அவருக்குக் கவலை இல்லை. உறையின் மேல் ஒட்டப்பட்டிருந்த சிறு ஒட்டுத்தாள்களே அவரை உறுத்தின. அரசு எதற்கு, சட்டம் யாருக்கு என்று கேட்கும் அரசின்மைவாத வாசகங்கள் அவற்றில் அச்சாகியிருந்தன. அடுத்த மாதம், அந்த மனிதர் எழுத்தராக இருந்த நகரக் குடிநீர் வாரியம் அவரை வேலையை விட்டே நீக்கியது. இரண்டு ஆணைகளும் நிலைக்கவில்லை. ஊரில் கிளம்பிய எதிர்ப்பைத் தாங்க முடியாமல் தபால் துறையும் வாரியமும் பின்வாங்கின. டெட்ராய்ட்காரர்கள் ‘சாதுவான அரசின்மைவாதி’ என்று பிரியமாக அழைத்த ஜோசப் லபாடி பழையபடி வேலைக்குப் போனார்.

ஒட்டுத்தாள், துண்டறிக்கை, கூட்ட நோட்டீஸ், சந்தா ரசீது, உறுப்பினர் அட்டை, தேர்தல் சின்னம் அச்சிட்ட சட்டைப் பொத்தான் போன்றவை அரசியலின் உதிரித் தாள்கள், உதிரிப் பொருட்கள். கூட்டம் முடிந்ததும் இவற்றின் வேலையும் முடிந்துவிடுகிறது. எழுதியவர்கூட இவற்றைத் தன் எழுத்தாகக் கணக்கில் வைப்பதில்லை. நூலகத்தில் இவற்றுக்கென்று அலமாரி இருக்காது, ஏனென்றால் இவற்றுக்கு முதுகு கிடையாது. முதுகு இல்லாததை அடுக்கி நிறுத்த முடியாது. ஆனாலும் ஒரு தொழிலாளர் இயக்கம் அன்றாடம் எப்படி மூச்சுவிட்டது என்பதற்கு இவற்றைவிட நேரடியான சாட்சி கிடையாது. தலைவர்களின் நூல்களில் இருப்பது இயக்கம் தன்னைப் பற்றிப் பின்னால் யோசித்துச் சொன்னது. நோட்டீஸில் இருப்பது, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஆட்களைத் திரட்டியாக வேண்டும் என்ற அவசரத்தில் அது பேசியது.

லபாடி தேசத் தலைவர் அல்லர். உள்ளூர்க்காரர். 1850இல் மிச்சிகன் மாநிலத்தில் பாபா என்ற சிற்றூரில் பிறந்தவர். பிரெஞ்சு வழிக் குடும்பம். சுற்றுவட்டாரத்துப் பூர்வகுடி மக்களுக்கும் கிறித்துவப் பாதிரிமாருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவருடைய தந்தை. பள்ளிக்கூடத்தில் லபாடி உட்கார்ந்தது சில மாதங்களே. அச்சுத்தொழிலைக் கற்றுக்கொண்டு, ஊர் ஊராகப் போய் அச்சுக் கோத்துப் பிழைத்து, 1872இல் டெட்ராய்டில் தங்கினார். முதலில் சோஷலிஸ்ட். 1878இல் ‘நைட்ஸ் ஆஃப் லேபர்’ என்ற தொழிலாளர் அமைப்பின் முதல் டெட்ராய்ட் கிளையைத் தொடங்கினார். அப்போது அது இரகசிய அமைப்பு. பெயரை வெளியே சொல்லவே கூடாது. அடுத்த ஆண்டு கிரீன்பேக் கட்சியின் சார்பில் நகர மேயர் தேர்தலில் நின்றார். 1880இல் நகரத் தொழிற்சங்கங்களின் கூட்டவைக்கு முதல் தலைவர் ஆனார். 1883 வாக்கில் அரசு என்ற அமைப்பின் மீதே நம்பிக்கை போய், பெஞ்சமின் டக்கரின் ‘லிபர்ட்டி’ ஏட்டோடு சேர்ந்து தனிமனித அரசின்மைவாதியானார். அதற்குப் பிறகும் தொழிற்சங்கத்தை விட்டுவிடவில்லை; மிச்சிகன் தொழிலாளர் சம்மேளனத்துக்கு முதல் தலைவரும் அவரே.

1886 மே மாதம் சிகாகோவில் எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தின்போது ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்தது. வீசியவர் யார் என்பது நிரூபிக்கப்படாமலே, 1887 நவம்பர் 11 அன்று அரசின்மைவாதிகள் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களுக்காகக் கருணை கேட்கக்கூட நைட்ஸ் அமைப்பின் தலைவர் டெரன்ஸ் பவுடர்லி முன்வரவில்லை. அதற்காக லபாடி அவரோடு வெளிப்படையாக மோதினார். தான் டெட்ராய்டில் விதை போட்ட அமைப்பின் தலைமையையே எதிர்த்த மனிதர், அந்த அமைப்பின் தாள்களை மட்டும் தூக்கி எறியாமல் தன் வீட்டுப் பரணில் சேர்த்துவைத்தார். கருத்து மாறும்போதெல்லாம் பழைய கருத்தின் தாள்களை எரித்திருந்தால், அந்தப் பரணில் ஒரு கட்சியின் பிரசாரமே மிஞ்சியிருக்கும். சோஷலிஸ்டாக இருந்தபோது வந்ததும், கிரீன்பேக் கட்சிக்காரராக நின்றபோது வந்ததும், தொழிற்சங்கத் தலைவராக வந்ததும், அரசின்மைவாதியாக வந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. லபாடியின் பெருமைகளில் நான் முதலாவதாக வைப்பது இதைத்தான்.

அவர் அச்சுக் கோப்பவர் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு துண்டறிக்கைக்குப் பின்னால் எத்தனை விரல்கள் எத்தனை எழுத்துகளைப் பொறுக்கி வைத்திருக்கின்றன, அது எவ்வளவு சீக்கிரம் குப்பைக்குப் போகிறது என்று அந்தத் தொழிலில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். ஐம்பது வயதை ஒட்டிக் கவிதை எழுதத் தொடங்கியபோதும், கையால் இயக்கும் சிறு அச்சுப்பொறியில் தன் பாடல்களைச் சிறு புத்தகங்களாக அச்சடித்து நண்பர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். மனைவி சோஃபி தீவிரமான கத்தோலிக்கர். கணவரின் கொள்கைக்கு நேர் எதிர்ப்பக்கம். 1877இல் தொடங்கிய அந்தத் தாம்பத்தியம் 1931இல் சோஃபி இறக்கும்வரை நீடித்தது. கடவுளையும் அரசையும் மறுக்கும் தாள்கள், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் ஒரு பெண்ணின் தலைக்கு மேலே, பரணில் பல பத்தாண்டுகள் பத்திரமாக இருந்தன. சேகரித்தவரின் பெயர் அந்தத் தொகுப்புக்கு இருக்கிறது. அந்தப் பரணை அவருக்கு விட்டுக்கொடுத்த சோஃபிக்கும் அதில் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். உலகெங்கும் அரசியல் ஊழியர்களின் தாள்கள் பிழைத்ததும் அழிந்ததும் பெரும்பாலும் வீட்டில் இருந்த பெண்களின் முடிவால்தான். அந்த முடிவுகளை எந்தப் பட்டியலும் பதிவு செய்வதில்லை.

அறுபதை நெருங்கியபோது, தனக்குப் பிறகு இவை என்னவாகும் என்ற கவலை லபாடிக்கு வந்தது. அந்தக் கவலைக்கு நியாயமான காரணமும் கண்முன் இருந்தது. அவர் ஒட்டுத்தாளுக்காக வேலை இழந்த அதே 1908இன் தொடக்கத்தில், நியூயார்க்கில் டக்கரின் புத்தகக் கிடங்கு தீயில் எரிந்து போயிருந்தது. காப்பீடு இல்லை. ‘லிபர்ட்டி’ ஏடும் அதோடு நின்றது; டக்கர் பிரான்சுக்குப் போய்விட்டார். ஒரு தலைமுறையின் புத்தகங்களும் அச்சுத் தகடுகளும் ஒரே நாளில் சாம்பலாவதை லபாடி பார்த்துவிட்டார்.

யாருக்குக் கொடுப்பது? விஸ்கான்சின் பல்கலைக்கழகம் ஆசையோடு கேட்டது. ரிச்சர்ட் எலியும் ஜான் காமன்ஸும் அங்கே அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றையே ஒரு துறையாக வளர்த்துக்கொண்டிருந்தார்கள். காமன்ஸின் குழு 1910-11இல் பத்துத் தொகுதிகளாகத் தொழில் வரலாற்று ஆவணங்களை வெளியிட்டது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் லபாடியின் பெட்டிகளுக்குப் பொருத்தமான இடம் அதுதான். அவர் மறுத்தார். தன் சொந்த மாநிலத்தின் பழமைப் பிடிப்புள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கே கொடுப்பேன் என்றார். ஆன் ஆர்பர் ஊரில் இருந்த அந்தப் பல்கலைக்கழகம் முதலில் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. புரட்சிக் கருத்துகள் ஏற்கெனவே புழங்கும் இடத்தைவிட, புழங்காத இடத்துக்கே இந்தத் தாள்கள் தேவை என்பது லபாடியின் வாதம். கூடவே, டெட்ராய்டுக்குப் பக்கத்திலேயே அவை இருக்க வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. 1911இல் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன.

அரசே வேண்டாம் என்றவர் அரசுப் பல்கலைக்கழகத்திடம் தன் வாழ்நாள் சேகரத்தை ஒப்படைத்தார். இதில் முரண் இருக்கிறது என்று அன்றும் கேட்டிருப்பார்கள். என் பார்வையில் அது ஊழியருக்கே உரிய நடைமுறை அறிவு. இயக்க அலுவலகங்கள் உடைகின்றன, தடை செய்யப்படுகின்றன, வாடகை கட்ட முடியாமல் காலி செய்யப்படுகின்றன. சித்தாந்தத்துக்குப் பொருந்திய இடத்தைத் தேடாமல், ஐம்பது ஆண்டு கழித்தும் கூரை இருக்கும் இடத்தை அவர் தேடினார்.

கூரை கிடைத்தது. பார்க்க ஆள் கிடைக்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் அந்தச் சேகரம் பூட்டிய கூண்டுக்குள் கிடந்தது. பட்டியல் கிடையாது. பொருள்வாரியாகப் பிரிக்கவில்லை. ஆவணத்தை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் எல்லோரும் இந்தப் பதின்மூன்று ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியலில் ஏறாத தாள் ஆய்வாளருக்கு இல்லாத தாள்தான். எரிந்த தாளுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், பின்னால் யாராவது வந்தால் அதை மீட்கலாம் என்பது மட்டுமே.

1924இல் அப்படி ஒருவர் வந்தார். பெயர் ஆக்னஸ் இங்கிலிஸ். 1870இல் டெட்ராய்டில் வசதியான, கட்டுப்பெட்டியான ஸ்காட்லாந்து வழிக் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு வயதில் தந்தை இறந்தார். இளமையில் பெரும்பகுதி நோயுற்ற சகோதரிக்கும் தாய்க்கும் பணிவிடை செய்வதிலேயே கழிந்தது. தாயும் போன பிறகு, முப்பதை ஒட்டிய வயதில் வெளியுலகத்துக்கு வந்தார். சிகாகோவில் ஹல் ஹவுஸ் சமூகசேவை இல்லத்திலும் டெட்ராய்டிலும் சமூகப் பணி. ஏழைகளுக்கு இரங்குவதோடு நில்லாமல், அவர்கள் ஏன் ஏழைகள் என்று கேட்கத் தொடங்கினார். அந்தக் கேள்வி அவரை அரசின்மைவாதப் பேச்சாளர் எம்மா கோல்ட்மனிடம் கொண்டு சேர்த்தது. கோல்ட்மனின் கூட்டங்களுக்கு மிச்சிகனில் ஏற்பாடு செய்தார். முதல் உலகப் போர்க் காலத்து அடக்குமுறையில் கைதானவர்களுக்குத் தன் பணத்தைப் பிணைத்தொகையாகக் கட்டினார். சொத்தெல்லாம் இப்படிக் கரைவதைப் பார்த்த குடும்பம் அவர் கைக்கு வரும் பணத்தைக் கட்டுப்படுத்தியது.

ஏதோ பார்க்க வந்தவர், கூண்டுக்குள் கிடந்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நாள் வேலை என்று ஊதியமில்லாமல் தொடங்கியது, 1952இல் அவர் இறக்கும்வரை ஓடியது. லபாடி உயிரோடு இருந்தவரை அவரையே கேட்டுத் தெளிந்துகொள்ள முடிந்தது. 1926இல் இருவரும் சேர்ந்து நாடெங்கும் இருந்த சுமார் 400 ஊழியர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். உங்களிடம் உள்ள தாள்களை இங்கே அனுப்புங்கள் என்பதே செய்தி. உடனடியாக வந்த பதில்கள் சொற்பம். அதில் வியப்பில்லை. ஆறே ஆண்டுகளுக்கு முன், 1920 ஜனவரியில், இடதுசாரிகளைக் குறிவைத்த அரசுச் சோதனைகளில், டெட்ராய்டில் மட்டும் சுமார் 800 பேரைப் பிடித்து, கூட்டாட்சி அரசுக் கட்டடத்தின் ஜன்னலில்லாத ஒரு நடைபாதையில் நாள்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். உறுப்பினர் அட்டை ஒன்று சட்டைப்பையில் இருந்தால் நாடு கடத்தப்படலாம் என்று வாழ்ந்தவர்கள், அந்த அட்டையை ஓர் அரசுப் பல்கலைக்கழகத்துக்குத் தபாலில் அனுப்பத் தயங்கியிருப்பார்கள். அந்தத் தயக்கத்தைக் கரைத்தது இங்கிலிஸ் ஒருவரின் நற்பெயர். தன் பணத்தைப் பிணையாகக் கட்டியவர் கேட்கிறார் என்றால் நம்பலாம். ஆண்டுகள் செல்லச் செல்லப் பொட்டலங்கள் வரத் தொடங்கின. அவர் கையில் அந்தச் சேகரம் ஏறக்குறைய இருபது மடங்கு வளர்ந்தது.

அவர் அடுக்கிய முறை அவருடைய சொந்த முறை. நூலகப் படிப்பு படித்தவரல்லர். பொருள்வாரியாகப் பிரித்தார், கத்தரித்து ஒட்டித் தொகுப்பேடுகள் செய்தார், அட்டைகளில் கையால் குறிப்பு எழுதினார். இந்த ஆள் இன்ன வேலைநிறுத்தத்தில் இருந்தவர், பின்னால் இன்னாரோடு சண்டை, இன்ன ஊரில் கடை வைத்தார் என்று ஓர் இயக்கத்தின் உறவுமுறை முழுவதும் அந்த அட்டைகளில் ஏறியது. இன்றைய ஆவணக் காப்பாளர்கள் ஒரு விதியை வலியுறுத்துவார்கள்: ஒருவரிடமிருந்து வந்த தாள்களைக் கலைக்காதே, அவர் வைத்திருந்த வரிசையே ஒரு தகவல். சரியான விதி. ஒரு நோட்டீஸ் ஒரு கடிதத்தோடு மடித்து வைக்கப்பட்டிருந்தால், அந்தக் கடிதத்துக்கு அந்த நோட்டீஸே விளக்கமாக இருக்கலாம். பிரித்துவிட்டால் இரண்டும் ஊமையாகும். அந்த அளவில் இங்கிலிஸ் செய்ததில் இழப்பு உண்டு. ஆனால் அவருக்குப் பதிலாக விதி தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால், வரிசை காப்பாற்றப்பட்டிருக்கும். அந்தத் தாள்களில் வரும் மனிதர்கள் யார் என்பது போயிருக்கும். கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லத் தெரிந்தவர் அவர். அந்த அறிவு அவரோடு மண்ணுக்குள் போகாமல் அட்டைகளில் தங்கியது. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால், நான் மனிதர்களைக் காப்பாற்றியதையே ஏற்பேன்.

பலன் பின்னால் வந்தது. ஹேமார்க்கெட் வழக்கைப் பற்றி 1936இல் வெளியான ஹென்றி டேவிட்டின் விரிவான வரலாறு, தனிமனித அரசின்மைவாதிகளைப் பற்றி 1953இல் வெளியான ஜேம்ஸ் மார்ட்டினின் நூல், பின்னர் பால் அவ்ரிச் எழுதிய வரலாறுகள் என, இந்தத் துறையில் யார் எழுதினாலும் ஆன் ஆர்பருக்குப் போக வேண்டியதாயிற்று. லபாடி பெயரிலேயே இன்றும் இயங்கும் அந்தத் தொகுப்பு, அமெரிக்காவில் தீவிர அரசியல் வரலாற்றுக்கான மிகப் பழமையான பொதுச் சேகரங்களில் ஒன்று. அவருடைய பேத்தி கார்லோட்டா ஆண்டர்சன் 1998இல் தாத்தாவின் வரலாற்றை எழுதினார். அதற்கும் ஆதாரம் தாத்தாவின் பரணிலிருந்து போன தாள்கள்.

ஒரு துண்டறிக்கையிலிருந்து வரலாறு எப்படிக் கிடைக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். துண்டறிக்கைகளின் பொதுவான குறை, அவற்றில் ஆண்டு இருக்காது. ‘வெள்ளிக்கிழமை, மார்ச் 14, இரவு 8 மணி’ என்று இருக்கும். அடுத்த வாரம் வரப்போகிறவருக்கு ஆண்டு எதற்கு? ஆய்வாளர் தேதியையும் கிழமையையும் சேர்த்துப் பார்க்கிறார். ஒரு தேதி ஒரு குறிப்பிட்ட கிழமையில் வருவது பொதுவாக 28 ஆண்டு வட்டத்தில் நான்கு முறைதான். மண்டபம் எப்போது கட்டப்பட்டது, எப்போது இடிந்தது என்று பார்த்தால் அந்த நான்கு இரண்டாகும். பேச்சாளர் அந்த ஆண்டில் சிறையில் இருந்தாரா, வெளியூரில் இருந்தாரா என்று பார்த்தால் ஒன்றாகும். அமெரிக்கத் துண்டறிக்கைகளில் இன்னொரு சாட்சியும் உண்டு. கூலி ஒப்பந்தத்தை மதிக்கும் அச்சகங்கள், அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் சிறு முத்திரையைத் தாளின் அடியில் பொறிக்கும். அந்த முத்திரையில் உள்ள எண் எந்த அச்சகம் என்று சொல்லும். அச்சகம் தெரிந்தால் தெரு தெரியும். தெரு தெரிந்தால், அதே அச்சகத்தில் அடித்த பிற அமைப்புகள் யாவை, யார் யாரோடு நெருக்கம், யார் கடனுக்கு அச்சடித்துக் கொடுத்தது என்ற முடிச்சுகள் அவிழத் தொடங்கும்.

தாளின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட முக்கியமாகிவிடுவதும் உண்டு. மிஞ்சிப்போன நோட்டீஸின் பின்னால் வசூல் கணக்கு எழுதியிருப்பார்கள்; அடுத்த நோட்டீஸுக்கான வரைவு எழுதியிருப்பார்கள்; தொலைபேசி எண், யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும் வழி, பிள்ளைகள் வரைந்த படம். கணினியில் ஏற்றுகிறோம் என்று முன்பக்கத்தை மட்டும் படமெடுக்கும் நிறுவனங்கள் இந்தப் பாதியைத் தொலைக்கின்றன. வெற்றுப் பக்கமாக இருந்தாலும் அதையும் படமெடுக்க வேண்டும்.

இன்னொன்றும் இந்த உதிரித் தாள்கள் மட்டுமே சொல்லும். மாநாட்டுத் தீர்மானங்களைப் படித்தால் இயக்கம் என்பது விவாதம் மட்டுமே என்று தோன்றும். நோட்டீஸ்களைப் பார்த்தால் வனபோஜனம், நடன விருந்து, குலுக்கல் சீட்டு, நிதிக்காக நாடகம், வேலைநிறுத்தக் குடும்பங்களுக்கு ரொட்டி வழங்கும் இடம் ஆகியவை தெரியும். யார் சமைத்தார்கள், யார் மண்டபத்தைக் கூட்டினார்கள், யார் சீட்டு விற்றார்கள் என்ற பெயர்கள் அந்தச் சிறு தாள்களில்தான் இருக்கும். அவற்றில் கணிசமானவை பெண்களின் பெயர்கள். தீர்மானப் புத்தகத்தில் அவர்கள் இல்லை.

இயக்கங்களின் உதிரித் தாள்களை இயக்கத்தைவிட ஊக்கமாகச் சேர்ப்பது அரசுதான். 1917 ஜூன் 15 அன்று நியூயார்க்கில் எம்மா கோல்ட்மனின் ‘மதர் எர்த்’ அலுவலகத்தில் புகுந்தவர்கள் சந்தாதாரர் பட்டியலோடு தாள்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகங்களில் நாடெங்கும் ஒரே நாளில் சோதனை. டன் கணக்கில் ஆவணங்கள் போயின. அடுத்த ஆண்டு சிகாகோவில் ஏறக்குறைய நூறு பேர் அந்தத் தாள்களை வைத்தே தண்டிக்கப்பட்டார்கள். 1919 டிசம்பரில் நாடு கடத்தப்பட்ட கோல்ட்மன், பின்னால் பிரான்சில் உட்கார்ந்து தன் வரலாற்றை எழுதத் தொடங்கியபோது, தன் வாழ்க்கைக்கே ஆதாரம் கையில் இல்லை. தான் எழுதிய கடிதங்களைத் திருப்பி அனுப்பும்படி உலகெங்கும் இருந்த நண்பர்களைக் கேட்டார். 1931இல் வெளியான அவருடைய தன்வரலாறு, நண்பர்கள் பத்திரப்படுத்தியிருந்த அந்தக் கடிதங்களின் துணையோடு எழுதப்பட்டது.

நம் நாட்டில் இந்தக் கதை இன்னும் அழுத்தமானது. 1929 மார்ச்சில் தொடங்கிய மீரட் சதி வழக்கில், பல ஊர்களிலும் தொழிற்சங்க ஊழியர்கள் வீட்டிலிருந்து கைப்பற்றிய கடிதங்கள், நோட்டீஸ்கள், குறிப்பேடுகள் சான்றாவணங்களாக எண் பெற்று வழக்கு ஆவணத்தில் ஏறின. இந்தியாவின் தொடக்ககால இடதுசாரி வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு அந்த வழக்குக் கட்டுகளே பெரிய சுரங்கம். தடை செய்யப்பட்ட தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும் இன்று கிடைக்கின்றன என்றால், தடை செய்தவர்கள் ஒவ்வொன்றிலும் படி எடுத்து டெல்லியிலும் லண்டனிலும் வைத்ததால்தான். ஹேமார்க்கெட்டிலிருந்து பிறந்த மே தினத்தை 1923இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய சிங்காரவேலரின் வாழ்க்கையை அறியவும், நாளிதழ்களோடு உளவுத்துறை அறிக்கைகளை நாட வேண்டியிருக்கிறது. சென்னையில் பிறந்து, 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியபோது அதன் தலைவராக இருந்து, பின்னர் லபாடியைப் போலவே அரசின்மைவாதியான எம்.பி.டி. ஆச்சார்யா 1954இல் பம்பாயில் வறுமையில் இறந்தார். அவருடைய கடிதங்களைத் தேடுகிறவர் ஆம்ஸ்டர்டாமில் உள்ள சர்வதேசச் சமூக வரலாற்று நிறுவனத்துக்குப் போக வேண்டும். அவருடைய கட்டுரைகளைத் தொகுத்து 2019இல் நூலாக்கியவர் ஓர் ஐரோப்பிய ஆய்வாளர், ஓலே பிர்க் லௌர்சன்.

காவல்துறைக் கோப்பை நான் இழிவாகச் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பல பெயர்களே தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கோப்பு சதியைத் தேடி எழுதப்பட்டது. மேடையில் பேசியவரை அது குறித்துக்கொள்ளும். பெஞ்சு தூக்கி வைத்தவரைக் குறிக்காது. ஆத்திரமூட்டும் வாக்கியத்தை எடுத்து எழுதும்; அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் கூலிக் கணக்கு பேசியதை விட்டுவிடும். அதை மட்டும் வைத்து வரலாறு எழுதினால், இயக்கத்தை அதன் எதிரியின் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்போம். அதற்கு எதிர்சாட்சி ஊழியரின் பெட்டியில்தான் இருக்கிறது. இதை உணர்ந்தவர்கள் இங்கேயும் இருந்தார்கள். 1935 முதல் 1947 வரை கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த பி.சி. ஜோஷி, பதவி போன பிறகும் இயக்கத் தாள்களைச் சேர்ப்பதை விடவில்லை. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் உள்ள ஆவணக் காப்பகம் அந்த உழைப்பிலிருந்து வந்தது. இடதுசாரி அல்லாத ஒரு முன்மாதிரியும் நமக்கு உண்டு. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, புத்தகங்களோடு அழைப்பிதழ்களையும் நோட்டீஸ்களையும்கூட ஒதுக்காமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக நிறுத்தியது. ஒருவர் தன் கைக்கு வந்த நோட்டீஸை எறியாமல் வைத்ததால், இன்று தமிழ் நாடகம் பற்றியோ அச்சு வரலாறு பற்றியோ எழுதுகிறவர்கள் அங்கே உட்கார முடிகிறது.

தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஆலை நகரத்திலும், ரயில் பட்டறை இருந்த ஒவ்வொரு ஊரிலும், விவசாயச் சங்கம் வேர்விட்ட ஒவ்வொரு வட்டத்திலும் லபாடி போன்ற ஓர் உள்ளூர்த் தோழர் வாழ்ந்திருப்பார். கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்ட ஆண்டுகளில் தாளை வைத்திருப்பதே ஆபத்தாக இருந்தது. அதைத் தாண்டி மிஞ்சியது, அவர் மறைந்து வீடு இடித்துக் கட்டும்போது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அச்சான மலிவுத் தாள்கள் மரக்கூழில் செய்தவை. அவற்றில் உள்ள அமிலம் தாளைத் தானே தின்றுகொண்டிருக்கிறது. மஞ்சளாகி, பழுப்பாகி, மடிப்பில் ஒடியும். நம் ஊர் வெக்கையும் கரையானும் அந்த வேலையை இன்னும் விரைவாக முடிக்கும். ஆகவே காத்திருக்க நேரமில்லை.

வீட்டில் அப்படி ஒரு டிரங்குப் பெட்டி இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். எது முக்கியம் என்று நீங்களே தீர்மானித்துக் கழிக்காதீர்கள். புத்தகத்தை வைத்துக்கொண்டு நோட்டீஸை எறிவது தலைகீழான வேலை, ஏனென்றால் புத்தகத்துக்கு வேறு படி கிடைக்கும். வரிசையைக் கலைக்காதீர்கள். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உறை ஒட்டிப் பதப்படுத்தாதீர்கள், அது தாளைக் கொல்லும். அந்தத் தோழரோடு பழகியவர் ஒருவராவது உயிரோடு இருந்தால், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, புகைப்படத்தில் இருப்பவர் யார், இந்தக் கூட்டம் எந்த ஆண்டு என்று கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். இங்கிலிஸ் லபாடியிடம் செய்தது அதைத்தான். உறுப்பினர் பட்டியல், சந்தாப் பட்டியல் போன்றவற்றில் உயிரோடு இருப்பவர்களின் பெயர் இருந்தால், இத்தனை ஆண்டு வெளியிடக் கூடாது என்று எழுத்தில் நிபந்தனை வையுங்கள். நல்ல காப்பகம் அதை ஏற்கும். பிறகு நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுங்கள். ஆனால் கொடுக்கும் நாளிலேயே, இதைத் திறந்து பட்டியல் போட உட்காரப் போகிறவர் யார், எப்போது என்று கேளுங்கள். ஓர் ஆளின் பெயரும் ஒரு தேதியும் சொல்ல முடியாத இடமாக இருந்தால், பெட்டியைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்து, சொல்லக்கூடிய இடத்தைத் தேடுங்கள்.